ஆபீஸ் வேலையில் ஆள் எதற்காக நிற்கிறார், எதற்காகப் போகிறார்?

பெரிய கிராணி, தெலுக் இந்தான் | 4 அக்டோபர் 2025, காலை 9.40

நம்ம பக்கத்தில் தோட்ட ஆபீஸ், மில் ஆபீஸ், பட்டணத்தில் வக்கீல் ஆபீஸ், கிளினிக், கணக்காளர் ஆபீஸ் என்று எதை எடுத்தாலும் கிராணி (எழுத்தர்) வேலைக்கு ஆள் வருகிறது, வேலை பழகியதும் போய்விடுகிறது. ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போகிறவர்களைச் சம்பளம் இழுக்கிறது, சரி. அதே பட்டணத்தில், அதே சம்பளத்துக்கு, இந்த ஆபீசை விட்டு எதிர்வரிசை ஆபீசுக்கு மாறுகிறவர்களை எது இழுக்கிறது?

என் கட்சி இது: முதலில் சம்பளம், அடுத்து மேலே இருக்கும் ஆள். நாற்காலி, ஏர்கோண், காப்பி எல்லாம் அதற்குப் பிறகு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும். "குடும்பம் மாதிரி இருக்கணும்" என்கிற பதில் வேண்டாம். எதைச் செய்தால் என்ன நடக்கும் என்று எழுதுங்கள்.

சம்பளச்சீட்டு | 4 அக்டோபர், காலை 11.15

சம்பளம் என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டீர்கள் அண்ணே. தொகை வேறு, தேதி வேறு, சீட்டில் கணக்குப் புரிகிறதா என்பது வேறு. தொகைக்கு ஒப்புக்கொண்டுதான் ஆள் சேருகிறார். கோபம் வருவது மற்ற இரண்டிலும்.

தேதி: மலேசியாவின் 1955 வேலைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி சம்பளக் காலம் முடிந்து 7-ஆம் நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரு மாதம் 1, ஒரு மாதம் 5, அடுத்த மாதம் 7 என்று போட்டாலும் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் மோட்டார் தவணை, வீட்டுக் கடன், சீட்டுக் காசு எல்லாம் தேதி வைத்து ஓடுகிறவை. 3 என்றால் மாதாமாதம் 3. 3-ஆம் தேதி ஞாயிறாக வந்தால் வெள்ளிக்கிழமையே போட்டுவிட வேண்டும்.

சீட்டு: அடிப்படை, ஒவ்வொரு அலவன்சும் தனி வரி, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) எத்தனை மணி எந்த விகிதம், பிடித்தம் ஒவ்வொன்றும் பெயரோடு. "இதர பிடித்தம் 140.00" என்று ஒரே வரி போட்டால் அன்றைக்கே கவுண்டருக்கு ஆள் வருவார், வரவேண்டியதும்தான்.

இபிஎஃப் (சேமநிதி): 2,080 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் என்றால் தொழிலாளி பங்கு 229, முதலாளி பங்கு 271 (5,000 வெள்ளி வரை 11, 13 விழுக்காடு). ஓ.டி. காசுக்கு இபிஎஃப் கிடையாது, சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) உண்டு. இதை யாரும் விளக்கிச் சொல்லாததால்தான் "எனக்குக் குறைத்துக் கட்டினார்கள்" என்கிற சந்தேகம் கிளம்புகிறது. அடுத்த மாதம் 15-க்குள் கட்ட வேண்டும். இப்போது எல்லாரும் கைப்பேசியிலேயே கணக்கைப் பார்க்கிறார்கள். சம்பளத்தில் பிடித்த காசு கணக்கில் ஏறவில்லை என்றால் அந்த ஆள் அன்றைக்கே மனசளவில் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்புள்ளி | 4 அக்டோபர், மாலை 6.05

ஓ.டி. கணக்கில் தகராறு வருகிற இடத்தைச் சேர்க்கிறேன். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அதை அந்த ஆளின் வழக்கமான வேலை மணியால் வகுக்க வேண்டும். 2,080 ÷ 26 = 80. எட்டு மணி வேலை என்றால் மணிக்கு 10, ஒன்றரை மடங்கு 15.

1 ஜனவரி 2023 முதல் வாரத்து உச்சம் 48 மணியிலிருந்து 45 ஆகிவிட்டது. ஆறு நாளும் ஏழரை மணி என்று மாற்றிக்கொண்ட ஆபீசில் 80 ÷ 7.5 = 10.67, ஓ.டி. 16 வெள்ளி. சிஸ்டத்தில் மட்டும் பழைய 8 அப்படியே கிடக்கும். மணிக்கு ஒரு வெள்ளி குறையும். மாதம் 30 மணி ஓ.டி. பார்க்கிறவருக்கு 30 வெள்ளி. அந்த 30 வெள்ளியை அவரே கண்டுபிடித்துக் கேட்கும்படி விட்டால் ஆபீஸ் மேல் இருந்த நம்பிக்கை அத்தோடு சரி.

வழக்கமான மணிக்கு மேல் ஓய்வு நாளில் பார்த்தால் 2 மடங்கு, பொது விடுமுறையில் 3 மடங்கு. மாதத்துக்கு 104 மணிக்கு மேல் ஓ.டி. வாங்கக் கூடாது. 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் உள்ளவருக்கு இந்த ஓ.டி. விதி ஓடாது, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான்.

சம்பளச்சீட்டு | 4 அக்டோபர், இரவு 8.30

ஒரு திருத்தம். தோட்ட ஆபீஸ்களில் வழக்கமாகத் திங்கள் முதல் வெள்ளி 8 மணி, சனி 5 மணி. கூட்டினால் 45. அங்கே வார நாள் ஓ.டி.க்கு 8-ஆல் வகுப்பது சரிதான். ஏழரை என்பது ஆறு நாளும் ஒரே அளவு வேலை பார்க்கும் இடத்துக்கு. வேலைக் கடிதத்தைத் திறந்து பார்த்துவிட்டு வகுக்கணும்.

இளங்கன்று | 5 அக்டோபர், காலை 7.50

நேரத்துக்கு வீடு போகணும். அதுதான் முதல். மிச்சத்தைப் பெரியவர்கள் பேசுங்கள்.

ஏர்கோண் தம்பி | 5 அக்டோபர், மதியம் 2.20

பெரிய கிராணி ஐயா ஏர்கோணைக் கடைசியில் போட்டுவிட்டீர்கள். மூன்று மணிக்குத் தலை பாரமாகி, கண் சொருகி, கணக்கில் தப்பு வருகிறதே, அது பெரும்பாலும் சாப்பாட்டால் அல்ல, காற்றால்.

சுவரில் மாட்டுகிற ஸ்ப்ளிட் ஏர்கோண் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கும். 16 அடிக்கு 12 அடி அறை, 9 அடி உயரம் என்றால் ஏறத்தாழ 49 கன மீட்டர். ஐந்து பேர் உட்கார்ந்தால் மூச்சில் மணிக்கு 0.09 கன மீட்டர் கரியமில வாயு வெளியேறும். ஜன்னலும் கதவும் சுத்தமாக அடைத்திருந்தால் வெளிக்காற்றின் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவிலிருந்து 1,000 தாண்ட இருபது நிமிஷம் போதும். கதவு திறந்து மூடுவதால் நிஜத்தில் கொஞ்சம் மெதுவாக ஏறும். அந்த 1,000 என்பது வேலையிடப் பாதுகாப்பு சுகாதார இலாகாவின் 2010 உள்ளகக் காற்றுத் தர நெறியில் இருக்கும் எல்லை. அதே நெறியில் வெப்பம் 23 முதல் 26 டிகிரி, ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காடு.

செய்ய வேண்டியது: கதவுக்கு எதிர்ச் சுவரில், மேலே, காற்றை வெளியே தள்ளும் விசிறி. ஆளுக்கு மணிக்கு 31 கன மீட்டர் கணக்கு. ஐந்து பேருக்கு 155-க்குக் குறையக் கூடாது, 200 என்று பெட்டியில் போட்டிருப்பதை வாங்குங்கள். கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் விசிறி சுற்றும், காற்று நகராது. கரண்ட் பில் கூடுமே என்பார்கள். கூடும். ஒரு கிராணி போய் இன்னொருவருக்கு வேலை பழக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிர் சண்டை: ஏர்கோண் வாய்க்கு நேர்கீழே இருப்பவர் சால்வை போர்த்தியிருப்பார், மேற்கு ஜன்னல் பக்கம் இருப்பவர் வேர்த்து ஒழுகுவார். ரிமோட்டைப் பூட்டி வைப்பதால் இது தீராது. 25-இல் வைத்து, கூரை விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, காற்று மேலே வளையும்படி வாயில் ஒரு தடுப்புத் தகடு மாட்டினால் போதும்.

செம்மண் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஆபீசில் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவணும். உள்ளே தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாயில் பாசி அடைத்திருக்கும். ஆள் வரும்வரை வாளி வைத்துச் சமாளிக்காமல், வெளிப்பக்க முனையில் உறிஞ்சி எடுத்தால் கால் மணியில் சரியாகும்.

மில் ஆபீஸ் | 5 அக்டோபர், இரவு 9.10

எடைப்பாலக் கூண்டில் இருப்பவர்களையும் ஆபீஸ் ஆள் என்றுதான் கணக்கில் வைத்திருக்கிறார்கள், ஆனால் அவர்கள் நிலைமை வேறு. இப்போது காய்ப்புக் காலம். செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை லாரி வரிசை மில் வாசலைத் தாண்டி நிற்கும். லாரி ஏறும், மொத்த எடை, இறக்கிவிட்டுத் திரும்பும், வெற்று எடை, சீட்டு, கையெழுத்து. கூண்டு ஜன்னல் லாரிப் புகைக்குழாய்ப் பக்கம் இருந்தால் எட்டு மணி நேரமும் புகை. இறங்கும் வழிப் பக்கத்தில் ஒரு துவாரம் வைத்து, புகைக்குழாய்ப் பக்கத்து ஜன்னலை நிரந்தரமாக அடைத்துவிடலாம்.

அங்கே இருப்பவர் எல்லாவற்றையும்விட மதிப்பது கழிவறைக்குப் போக ஆள் மாற்றிவிடுவதை. வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சட்டப்படி ஐந்து மணி நேரத் தொடர் வேலைக்கு மேல் அரை மணி ஓய்வு இல்லாமல் வாங்கக் கூடாது. அது ஒருபக்கம். தினமும் காலை 10, மதியம் 1, மாலை 4 என்று மாற்று ஆளின் பெயரோடு தாளில் எழுதிக் கூண்டில் ஒட்டிவிட்டால் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மாற்று ஆளுக்குச் சீட்டு அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், கடவுச்சொல்லும் அவர் பெயரிலேயே தனியாக இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் இன்னொருவர் எடை போட்டுத் தவறு வந்தால் பழி யார்மேல் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரிய கிராணி | 6 அக்டோபர், மாலை 5.45

சம்பளச்சீட்டு சொன்ன தேதி விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். தொகையைவிடத் தேதி முந்துகிறது.

இளங்கன்று இரண்டு வரியில் சொன்னதை நான் நீட்டுகிறேன், ஏனென்றால் தோட்ட ஆபீசில் நேரத்துக்கு வீடு போவது கிராணியின் கையில் இல்லை. அது வயலிலிருந்து வரும் புத்தகத்தின் கையில் இருக்கிறது.

செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) எப்படி ஓட வேண்டும்: காலைப் பெரட்டில் ஆள் எண்ணி, மண்டோர் (வயல் மேற்பார்வையாளர்) புத்தகத்தில் பெயர் பதிந்து, மாலையில் குலை எண்ணிக்கையும் உதிரிப்பழ எடையும் சேர்த்து அன்றைக்கே ஆபீசுக்கு வர வேண்டும். மறுநாள் காலை கிராணி ஏற்றி, அசிஸ்டன்ட் (உதவி மேனேஜர்) கையெழுத்துப் போட்டு, 11 மணிக்குள் மூட வேண்டும். இப்படி ஓடுகிற தோட்டத்தில் மாதக் கடைசி என்பது மற்ற நாள் மாதிரியே இருக்கும்.

எங்கே கெடுகிறது? மூன்று இடம் எனக்குத் தெரியும். மண்டோர் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள் புத்தகத்தையும் சேர்த்து வெள்ளி மாலை கொண்டுவருவது. அதற்குள் யார் எந்த வரிசையில் வெட்டினார் என்பது அவருக்கே மறந்திருக்கும். அடுத்தது பெயர்க் குழப்பம். வெளிநாட்டுத் தொழிலாளர்களில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், பெயரை வைத்துப் பதிந்தால் ஒருவர் குலை இன்னொருவர் கூலியில் ஏறும். தோட்ட எண்ணை வைத்துத்தான் பதிய வேண்டும், அந்த எண் மண்டோர் புத்தகத்திலும் முன்கூட்டியே அச்சடித்திருக்க வேண்டும். மூன்றாவது, வயல் எண்ணிக்கையும் மில் எடைச் சீட்டும் ஒத்துப்போகாதது. வயலில் 620 குலை, சராசரி 18 கிலோ என்றால் 11 டன்னுக்கு மேல் வர வேண்டும். சீட்டில் 9.4 டன் என்றால் குலை பாதையோரம் கிடக்கிறது, அல்லது அடுத்த நாள் லாரியில் போயிருக்கிறது, அல்லது எண்ணிக்கை தப்பு. இதை அன்றைக்கே அசிஸ்டன்ட் போய்ப் பார்த்தால் பத்து நிமிஷ வேலை. 30-ஆம் தேதி கிராணி தனியாக உட்கார்ந்து தேடினால் இரவு ஒன்பது மணி.

"மாலை 6-க்குள் புத்தகம் வரவில்லை என்றால் மண்டோர் நாளைக்கு அசிஸ்டன்டிடம் நேரில் பதில் சொல்ல வேண்டும்" என்று மேனேஜர் ஒரு உத்தரவு போட்டு, அதை நடத்திக் காட்டினால் கிராணிக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. புது மேசை வாங்கிக் கொடுப்பதைவிட இது மேல். மேலே இருக்கும் ஆள் என்று நான் சொன்னது அவர் சிரித்துப் பேசுகிறாரா என்பதை அல்ல. தாமதம் எங்கே பிறக்கிறதோ அங்கே போய் நிறுத்துகிறாரா என்பதை.

இளங்கன்று | 6 அக்டோபர், மாலை 6.30

இதைத்தான் சொல்ல வந்தேன். கூடவே வாட்ஸ்அப். இரவு பத்து மணிக்குக் குழுவில் "நாளை காலை அறிக்கை வேண்டும்" என்று வந்தால் அது வேலை நேரமா இல்லையா?

சட்டப்புள்ளி | 6 அக்டோபர், இரவு 7.40

அந்தச் செய்திக்காக அப்போதே உட்கார்ந்து வேலை செய்யச் சொன்னால் அது வேலை நேரம், மணியை எழுதி வையுங்கள். படித்துவிட்டு மறுநாள் செய்யலாம் என்றால் வேலை நேரம் ஆகாது, ஆனால் தூக்கம் கெடும். ஆபீசுக்குள் எழுத்தில் மூன்றே விதி வைத்தால் போதும்: குழுவில் வேலை நேரத்துக்குப் பிறகு வரும் எதற்கும் மறுநாள் 8 மணிக்கு முன் பதில் எதிர்பார்ப்பதில்லை, உண்மையில் அவசரம் என்றால் போன் அடிக்க வேண்டும், லீவில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவசரத்துக்குப் போன் என்று வைத்தாலே பாதிச் செய்தி நின்றுவிடும், ஏனென்றால் இரவு பத்து மணிக்குப் போன் அடிக்க அனுப்புகிறவருக்கே தயக்கம் வரும்.

நேரம் மாற்றிக் கேட்கவும் வழி உண்டு. 2023 முதல் 60பி (60P) பிரிவில் வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் எழுத வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு 8.30-க்கு வந்து 5.30-க்குப் போவது போன்ற சின்ன மாற்றத்துக்குத்தான் இது நன்றாகப் பயன்படும். விண்ணப்பத்தில் உங்கள் வேலையை யார், எப்போது, எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். அது இல்லாத விண்ணப்பம்தான் அதிகம் திரும்புகிறது.

தட்டச்சு | 7 அக்டோபர், காலை 10.05

பெண்கள் பக்கத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. நான் வருகிறேன்.

கழிவறைக் கதவு உள்ளே தாழ் போடுகிறதா, தண்ணீர் வருகிறதா, மூடியுள்ள குப்பைக்கூடை இருக்கிறதா, அதை யார் எந்த நாளில் காலி செய்கிறார்? இந்த நாலையும் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே பார்த்துவிடுவாள். எதுவும் சொல்ல மாட்டாள். ஆண்கள் கழிவறை வழியாகப் போய்த்தான் பெண்கள் கழிவறைக்குப் போக முடியும் என்கிற பழைய கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன. நடுவில் பலகைச் சுவரும் தனி வாசலும் போட ஆசாரிக்கு ஒரு நாள் வேலைதான்.

தோட்ட ஆபீஸ் என்றால் மாலை ஆறுக்குப் பிறகு சுற்றிலும் செம்பனைதான். பெரிய ரோடு வரை விளக்கு இருக்காது. மாதக் கடைசியில் பெண் கிராணியை 7 மணி வரை நிறுத்த வேண்டும் என்றால் இருவராக நிறுத்துங்கள், காவலாளி பெரிய ரோடு வரை மோட்டாரில் பின்னால் வரட்டும். மோட்டார் கொட்டகையில் ஒரு விளக்கு, மழைக்கோட்டு மாட்ட நாலு ஆணி. இதற்கெல்லாம் என்ன செலவாகிவிடும்?

பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்று 81எச் பிரிவு சொல்கிறது. அதில் யாரிடம் புகார் கொடுப்பது என்று பெயரும் போன் எண்ணும் எழுதுங்கள். அந்தப் பெயர் மேனேஜருடையதாக மட்டும் இருக்கக் கூடாது. புகார் அவரைப் பற்றியே இருந்தால் எங்கே போவது? தலைமை ஆபீஸ் ஆள் ஒருவர் பெயரும் வேண்டும்.

பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆனது, தந்தைக்கு 7 நாள். எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, திரும்பி வருகிறவளுக்குப் பழைய மேசையும் பழைய வேலையும் இருக்கிறதா என்பது. அதைப் போகும் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால் அவள் எங்கும் போக மாட்டாள்.

மில் ஆபீஸ் | 7 அக்டோபர், மதியம் 1.30

மோட்டார் பேச்சு வந்ததால்: வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் விபத்து நடந்தால் சொக்சோ உண்டு. வழியை விட்டு வேறு வேலையாகச் சுற்றிப் போனால் தகராறு வரும். ஆபீஸ் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்தானவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இந்தத் தாளை ஓடி ஓடிச் செய்து முடிக்கிற ஆபீசை அவர் குடும்பமே மறக்காது.

கணக்கர் மகள் | 8 அக்டோபர், இரவு 9.55

மேலே இருப்பதை எல்லாம் படித்தால் இரண்டு வேறு கேள்விகளுக்குக் கலந்து பதில் வருகிறது. 1959-இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் கேட்டு வெளியிட்ட முடிவு இதைத்தான் பிரித்துக் காட்டியது. சம்பளம், விதிமுறை, மேற்பார்வை, வேலையிட வசதி ஆகியவை கெட்டால் ஆள் வெறுத்துப் போவார். ஆனால் அவை சரியாக இருப்பதால் மட்டும் வேலை பிடித்துவிடாது. வேலை பிடிப்பது செய்து முடித்த நிறைவு, அங்கீகாரம், வேலையின் தன்மை, பொறுப்பு, வளர்ச்சி ஆகியவற்றால். பின்னால் வந்தவர்கள் இந்தப் பிரிவினையைக் கேள்வி கேட்டதும் உண்டு. சம்பளம் இரண்டு பக்கமும் நிற்கும் என்பது நியாயமான வாதம்.

ஆகவே பெரிய கிராணியின் தலைப்பையே இரண்டாக உடைக்க வேண்டும். கழிவறைத் தாழும் சம்பளத் தேதியும் "ஏன் போகிறார்" என்பதற்கான விடை. "ஏன் நிற்கிறார்" என்பதற்கு இன்னும் யாரும் எழுதவில்லை.

பெரிய கிராணி | 9 அக்டோபர், காலை 8.10

நல்ல பிரிவினை. நிற்பதற்கு என் பதில்: சம்பள நாளில் கவுண்டரில் யார் நிற்கிறார் என்பது.

சம்பளம் குறைந்தது என்று தொழிலாளி வந்து சத்தம் போடுவார். தவறு மண்டோர் புத்தகத்தில் இருக்கும், ஏச்சு வாங்குவது கிராணி. அசிஸ்டன்ட் அந்த இரண்டு மணி நேரம் கவுண்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் எல்லாமே மாறும். கூடவே ஒரு நோட்டு: தேதி, தோட்ட எண், என்ன குறை, என்றைக்குள் பதில். மூன்று வேலை நாளுக்குள் பதில், தவறு என்றால் அடுத்த சம்பளம் வரை இழுக்காமல் தனியாகக் கொடுத்துவிடுவது. தவறைக் கண்டுபிடித்த கிராணியின் பெயரும் அந்த நோட்டில் ஏறட்டும். வருஷக் கடைசியில் போனஸ் பேசும்போது மேனேஜர் கையில் அந்த நோட்டு இருக்க வேண்டும்.

சம்பளச்சீட்டு | 9 அக்டோபர், மதியம் 12.40

பொறுப்பு என்பதும் உண்மை. இந்த அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இபிஎஃப் கட்டாயம், இரு தரப்பும் 2 விழுக்காடு, முதல் கட்டணம் நவம்பர் 15-க்குள். பதிவு, பாஸ்போர்ட் எண், வேலை பெர்மிட் காலாவதித் தேதி எல்லாம் சரிபார்க்க வேண்டும். சில ஆபீசில் இதைக் கிராணி தலையில் கட்டிவிட்டு "எப்படியாவது முடி" என்கிறார்கள். வேறு சில இடத்தில் ஒரு கிராணியைக் கூப்பிட்டு, "இது உன் பொறுப்பு, இரண்டு வாரம் செக்ரோலை மற்றவர் பார்ப்பார், சந்தேகத்துக்கு இவரைக் கேள்" என்று கொடுக்கிறார்கள். வேலை ஒன்றுதான். இரண்டாமவருக்கு அது தன் பெயர் சொல்லும் வேலை.

ஏர்கோண் தம்பி | 11 அக்டோபர், மாலை 4.15

நாற்காலி பற்றியும் சுருக்கமாக. உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுசாகப் படணும், முட்டி நேர்கோணம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், 50 முதல் 70 சென்டிமீட்டர் தூரத்தில். உயர்த்தினால் தானாக இறங்கும் நாற்காலிக்குக் கேஸ் தண்டு போய்விட்டது. தண்டை மட்டும் மாற்றலாம், நாற்காலியை வீச வேண்டாம்.

விளக்கு: ஆபீஸ் வேலைக்கு 300 முதல் 400 லக்ஸ். பழைய பலகைச் சுவர் ஆபீஸ்கள் கருத்த சுவரால் வெளிச்சத்தைக் குடித்துவிடும். 20 அடிக்கு 12 அடி அறைக்கு நாலடி எல்இடி குழாய் எட்டு வேண்டும். விளக்கு வரிசை திரைக்குப் பின்னாலோ தலைக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் ஓடட்டும். சுவருக்கு வெள்ளை அடித்தால் குழாயின் எண்ணிக்கை குறையும்.

தட்டச்சு | 13 அக்டோபர், காலை 9.20

தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். லீவுச் சண்டை தொடங்கியிருக்கும், அதனால் இதைக் கேட்கிறேன்: தமிழ் ஆட்கள் நாலு பேர் உள்ள ஆபீசில் நாலு பேரும் 17-ஆம் தேதி வெள்ளியும் 21 செவ்வாயும் கேட்டால் எப்படிப் பிரிப்பது?

பெரிய கிராணி | 13 அக்டோபர், மாலை 6.00

இந்த வாரம் பிரிக்கப் போனால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். போன நவம்பரிலேயே செய்திருக்க வேண்டியது. ஒரே தாளில் நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி, தைப்பூசம், கிறிஸ்துமஸ் எல்லாம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் முன் பின் யார் ஆபீசில் இருப்பார் என்று எல்லா இனத்தவரும் சேர்ந்து பெயர் எழுதுவது. பெருநாளுக்குத் தமிழர்கள் நிற்பார்கள், தீபாவளிக்கு மலாய்க்காரர்கள் நிற்பார்கள். போன வருஷம் முன்நாள் எடுத்தவருக்கு இந்த வருஷம் பின்நாள். தாள் சுவரில் தொங்கினால் யாரும் மேனேஜர் அறைக்குள் தனியாகப் போய்க் கேட்க வேண்டியதில்லை. சலுகை என்கிற பேச்சும் எழாது.

இப்போதைக்கு: வெள்ளி இருவர், செவ்வாய் இருவர். ஊர் தூரம் உள்ளவருக்கு வெள்ளி.

மில் ஆபீஸ் | 14 அக்டோபர், இரவு 8.45

நம்ம ஊரில் சித்ரா பௌர்ணமியும் இருக்கிறதே, தண்டாயுதபாணி கோயில் திருவிழா. அது பொது விடுமுறை இல்லை. 2024-இல் ஏப்ரல் 23, செவ்வாய். அன்றைக்குப் பாதிப் பேர் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்திருந்தால் அது உடல்நலப் பிரச்சினை அல்ல, திட்டமிடல் பிரச்சினை. இந்த வருஷம் விசாக தினத்தோடு மே 12-இல் வந்ததால் தப்பித்தோம். வரும் வருஷம் மே 1, தொழிலாளர் தினம். 2027-க்கு இப்போதே யோசிக்க வேண்டும்.

சட்டப்புள்ளி | 24 அக்டோபர், இரவு 9.15

தீபாவளி முடிந்தது, விடுமுறைப் பேச்சைச் சட்டப்படி முடித்துவிடுகிறேன். வருஷத்துக்கு 11 பொது விடுமுறை கொடுக்க வேண்டும். ஐந்து கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில சுல்தான் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறும் எவை என்று வருஷம் பிறக்கும் முன்பே ஆபீசில் ஒட்ட வேண்டும். உங்கள் ஆபீஸ் பலகையில் அந்தத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள்.

அமேசுவில் (தோட்டப் பணியாளர் சங்கம்) உறுப்பினராக இருக்கும் தோட்டப் பணியாளர்களுக்குக் கூட்டு ஒப்பந்தத்தில் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். சட்டத்தைப் படிப்பதற்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

இளங்கன்று | 25 அக்டோபர், காலை 8.05

2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிறு. தீபாவளி நவம்பர் 8, அதுவும் ஞாயிறு. இரண்டும் போச்சா?

சட்டப்புள்ளி | 25 அக்டோபர், காலை 8.40

போகாது தம்பி. ஞாயிறு உங்கள் ஓய்வு நாள் என்றால் அடுத்த வேலை நாள் சம்பளத்தோடு விடுமுறை. தைப்பூசத்தையும் தீபாவளியையும் ஆபீஸ் அந்த ஆறில் சேர்த்திருக்க வேண்டும், அதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சேர்த்திருந்தால் பிப்ரவரி 2-ம், நவம்பர் 9-ம் திங்கள். தாளில் ஞாயிற்றுத் தேதியை மட்டும் போட்டு விட்டுவிடாமல் திங்கள் தேதியையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பெரிய கிராணி | 25 அக்டோபர், காலை 9.30

பிப்ரவரி 2 திங்கள் என்றால் ஜனவரி செக்ரோல் மூடும் வேலை நேராக 3-ஆம் தேதி வந்து விழும். 3-ஆம் தேதி சம்பளம் போடும் ஆபீஸ்கள் ஜனவரி 30 வெள்ளி மாலைக்குள் புத்தகம் எல்லாம் உள்ளே வரும்படி மண்டோர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். 31 சனிக்கிழமை வெட்டும் குலைக்கு மட்டும் அன்று மதியம் ஒரு கிராணி, ஓ.டி. கணக்கில்.